அவள் போடாத கையெழுத்து

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஒரு நாள் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, மேனேஜர் லெட்டர் சொல்றப்ப பின்னால வந்து நின்னு தோள்ல கை வெக்கறாருங்க. இன்னைக்கு கை கீழ எறங்கிருச்சு. முதலாளிக்கு எழுதிக் குடுத்தரலாம்னு இருக்கேன்.”

“எத்தன நாளா?”

“ஒரு மாசமாங்க.”

“ஒரு மாசம் சும்மா உக்காந்திருந்தியாக்கும். ஆபீஸ்ல அஞ்சு பொம்பளைக இருக்கறாங்க. உன்ற தோள் மட்டுந்தான் அவனுக்கு எட்டுச்சா?”

அவள் கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு அந்த ஆபீசுக்கு எதிரே இருந்த பேக்கரியில் போய் நின்றேன். அவனைத் தட்டிக் கேட்க அல்ல. எப்படி இருக்கிறான் என்று பார்க்க. என்னைவிட உயரம், இளையவன், தலை நிறைய முடி. அவன் காரில் போன பின் என் மனைவி தோழிகளோடு எதற்கோ சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கஷ்டப்படுகிறவள் இப்படிச் சிரிப்பாளா என்று எண்ணினேன். அதன்பின் அவள் புதுப் புடவை கட்டினால் யாருக்கு என்று கேட்டேன். பஸ் தாமதமானால் கடிகாரத்தைப் பார்த்தேன். புகாரைப் பற்றி அவளும் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அதே ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, என்கிட்டயும் ஆரம்பிச்சுட்டாருங்க. எழுதிட்டேன். நான் மட்டும் குடுத்தா என்னையத்தான் தப்பும்பாங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க்கா.”

என் மனைவி அதை நிதானமாகப் படித்தாள். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

“எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே, கண்ணு.”

அந்தப் பெண் காப்பியைத் தொடாமல் போனாள்.

பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று அவள் வாயால் கேட்டதும் மனம் குளிர்ந்தது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. “நல்ல வேளை, முதலாளி வரைக்கும் போயிருந்தா வம்பு” என்றேன்.

“முதலாளி படிச்சா படிச்சுட்டுப் போறாருங்க,” என்றாள். “நீங்க படிப்பீங்களே.”

அந்தப் பெண் அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக் கடன் முடியும்வரை, இன்னும் இரண்டு வருடம், என் மனைவி அவனிடமே லெட்டர் அடித்தாள். அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.