ஆண்டவர் தனியாக இருந்தாரா

மாலை நான்கு பத்துக்குக் குற்றாலம் பேரருவியில் தண்ணீர் சட்டென்று கூடியது. போலீசார் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். பெண்கள் பக்கம் குளிக்கப் போன என் பதினோரு வயது மகள் மட்டும் வரவில்லை. ஆண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. போன வழியிலேயே திரும்பி வர அவளிடம் சொல்லியிருந்ததால், தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

சாரல் மலையை மறைத்தது, கடைகளை மறைத்தது. வெண்மையும் இரைச்சலும் மட்டும் மிஞ்சின. தென்காசியிலிருந்து வந்த பேருந்தில் அவள் கேட்டது அந்த வெண்மைக்குள் மிதந்து வந்தது.

"ஒண்ணுமே படைக்கதுக்கு முன்னாடி ஆண்டவர் தனியாவாப்பா இருந்தாரு? போரடிச்சிருக்கும்லா?"

"தனியா இல்லட்டி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு எப்பவும் அன்பாத்தான் இருந்தாங்க. ஆள் இல்லன்னு நம்மளப் படைக்கல."

அந்த அன்புக்குத் தொடக்கமே இல்லை என்று நம்புகிறவன் நான். ஆனால் எனக்கு அவள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. மறுபடி அதற்குள் போய் நிற்பதுபோல் இருந்தது.

கடைசியில் ஒரு பெண் காவலர் அவளைக் கூட்டி வந்தார்.

"கூட்டத்துல வேற வழியா இறக்கி விட்டுட்டோம், அண்ணாச்சி."

ஈரத் தலையோடு மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் இந்த அக்கா கூடத்தான் நின்னேன். நீங்கதாம்ப்பா பாவம், தனியா நின்னிய."