மாமா பந்தோபஸ்துக்குப் போனார்

எங்கள் தெருவில் போலீஸ்காரர் தேடி வந்து கூப்பிடும் ஒரே ஆள் என் மாமாதான். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. காஞ்சிபுரத்தில் வரதர் கருட சேவைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மோட்டார் சைக்கிள் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்து, எல்லா வீட்டையும் தாண்டிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் மட்டும் நிற்கும். காவலர் வண்டியை அணைக்கக்கூட மாட்டார். "இன்னாப்பா, வரியா?" என்பார். மாமா தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவிக்கொண்டு, மடித்து வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிக்கொள்வார். மறுநாள் சாமி கோயிலுக்குத் திரும்பின பிறகுதான் வீட்டுக்கு வருவார். தீபாவளிக்கும் இப்படித்தான். மந்திரி யாராவது ஊருக்கு வந்தாலும் இப்படித்தான்.

முதல் தடவை திரும்பி வந்தபோது, "எங்க மாமா போன?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பந்தோபஸ்துக்கு" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. ஊரில் பந்தோபஸ்து நடந்தது, அதற்காகத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரிடமிருந்து யாருக்குப் பந்தோபஸ்து என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் அப்போது ஏழெட்டு வயதுப் பெண். அவ்வளவு பெரிய கூட்டத்தைப் போலீசால் மட்டும் சமாளிக்க முடியாது, அதனால்தான் எங்கள் மாமாவைக் கூப்பிடுகிறார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு பையன் மட்டும் நம்பவில்லை. அவனுடைய அப்பா ஊர்க்காவல் படையில் இருந்தார். அவருக்கே தொப்பி உண்டே, உங்கள் மாமாவுக்குத் தொப்பி எங்கே என்று மடக்கினான். தொப்பி போட்டால் திருடனுக்குத் தெரிந்துபோய்விடும், அதனால் மாமா மப்டியில் போகிறார் என்றேன்.

மாமா என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சில வருஷம் வேலூரில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வேலூர் என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு பெரிய ஜெயிலும் இருக்கிறது. 'தம்பி வேலூர்ல இருந்தான்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், கேட்கிறவர்கள் அவரவர் மனசுக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்வார்கள். அம்மா அப்படித்தான் சொல்லி நிறுத்திக்கொள்வாள். முக்கால்வாசிப் பேர், "அடப் பாவமே, இப்ப தேவலையா?" என்று கேட்பார்கள். "தேவலாங்க" என்பாள் அம்மா. நான் ஆஸ்பத்திரியையும் நினைக்கவில்லை, ஜெயிலையும் நினைக்கவில்லை. வேலூரில் கோட்டை இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். மாமா கோட்டையில் ஏதோ வேலை பார்த்தார் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

வேலூரிலிருந்து மாமா சில பழக்கங்களைக் கொண்டுவந்திருந்தார். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் வந்து, தானே கதவைச் சாத்திக்கொள்வார். பெரியவர் யாராவது வாசலில் தலைகாட்டினால் தறியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்பார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போவதென்றால்கூட, "அக்கா, போவட்டுமா?" என்று கேட்பார். "உன் வூடுடா இது, எதுக்குடா கேக்கற?" என்று அம்மா சில சமயம் கத்திவிடுவாள். கத்திவிட்டு அடுப்படியில் போய் மூக்கைச் சிந்துவாள். இத்தனை மரியாதை தெரிந்த மனிதரை ஏன் இப்படித் திட்டுகிறாள் என்று எனக்கு அம்மாமேல்தான் கோபம் வரும்.

பட்டும் ஜரிகையும் முதலாளிகள் ஆளைப் பார்த்து நம்பிக் கொடுக்கிற பொருள். மாமாவை நம்பி யாரும் கொடுக்கவில்லை. அதனால் அப்பா தன் பெயரிலேயே இன்னொரு சேலைக்கான பட்டு நூல் பாவு வாங்கி வந்து இரண்டாவது தறியில் ஏற்றிக் கொடுத்தார். மாமா நெய்த சேலைகளெல்லாம் அப்பா நெய்ததாகத்தான் கடைக்குப் போயின. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் அமைகிற மாதிரி இருந்தது. ஐயம்பேட்டையில் ஒரு நெசவுக் குடும்பம். தரகர் கொண்டுவந்த போட்டோவை அம்மா சாமி அலமாரியில் வைத்திருந்தாள். அவனுக்கென்று ஒருத்தி வந்துவிட்டால் பழசெல்லாம் கரைந்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா தறியிலிருந்து எழுந்து எழுந்து வருவார். "அக்கா, போட்டோவ இன்னொரு தபா பாக்கட்டுமா?" என்று கேட்பார். அம்மா அதற்கு மட்டும் கத்தமாட்டாள்.

பெண் வீட்டார் கருட சேவையன்றே வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எப்படியும் சாமி பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு வரத்தான் போகிறோம், அப்படியே மாப்பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தம்பியை விட்டுவிடுங்கள் என்றாராம். அங்கிருந்தவரும் நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறார். "அவன் ஒன்னும் பண்ண மாட்டான்னு எனக்கும் தெரியும்பா. ஆனா கூட்டத்துல எவன் எவனாண்ட திருடினாலும், பழைய ஆளுங்கள ஏன்யா வெளிய வுட்டன்னு என்னைத்தான் கேப்பாங்க."

முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாமா சட்டையைப் போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, வரவங்களாண்ட உள்ளத சொல்லிடு. மறைச்சிக் கட்டிக்க வேணாம்."

"நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. அவள் சொல்லப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எதைச் சொல்லப்போவதில்லை என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சாமி பார்த்த கையோடு இரண்டு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா, ஒல்லியான மனிதர், நெற்றி நிறைய விபூதி. அவரோடு பெண்ணின் பெரியம்மா. அம்மா நெய் வழியக் கேசரி கிளறி மூடி வைத்திருந்தாள். அவர்கள் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எனக்கும் அதனால் கேசரி கிடைக்கவில்லை.

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"கோயிலாண்ட கூட்டத்துல மாட்டிக்கினான் போல. வந்துடுவான்" என்றாள் அம்மா.

"மெதுவா வரட்டும். வேலூர்ல ரொம்ப நாள் இருந்தாருன்னு தரகர் சொன்னாரு. கிட்னியா? இந்தக் கூட்டத்துல எல்லாம் போவலாமா?" என்று பெரியம்மா நிஜமான அக்கறையோடு கேட்டாள். அம்மா, இப்போது ஒன்றும் தொந்தரவு இல்லை என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஊரையே காவல் காக்கும் மனிதரை, கூட்டத்தில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட நோயாளி என்று சொல்கிறாளே! "மாமா ஒன்னும் மாட்டிக்கல. பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு. ஒவ்வொரு வருசமும் போலீசே வந்து கூட்டிக்கினு போவாங்க" என்றேன்.

"போலீஸ்ல வேலையா?" என்றார் அவர் குழப்பத்தோடு. "ஒடம்பு சரியில்லாத மனுசனை எதுக்குமா பந்தோபஸ்துக்குக் கூப்புடறாங்க?"

அப்பாதான் தலைநிமிர்ந்தார்.

"வேலூர்னா ஆஸ்பத்திரி இல்லைங்க" என்றார்.

பெரியம்மா விசிறிக்கொண்டிருந்த முந்தானையைக் கீழே விட்டாள். பெண்ணின் அப்பா எழுந்தார். அம்மா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவர் வாசல் பக்கம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவைக் கேட்டார்.

"ஸ்டேஷன் எங்க இருக்குது?"

"உனக்கின்னா பைத்தியமா? நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்" என்றாள் பெரியம்மா.

"மாப்பிள்ளை பாக்கத்தான வந்தோம்? பாக்காம போனா பொண்ணாண்ட இன்னா சொல்றது?" என்றார் அவர்.

நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்று பேரும் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போனோம். ஸ்டேஷனின் பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மாமா. ராத்திரியெல்லாம் பந்தோபஸ்து பார்த்த களைப்பில் ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கேயோ நாதஸ்வரமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. சாமி பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது போல. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் கும்பிட்டார்.

மாமா எங்களைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தார். எழுந்த பிறகுதான் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணு வூட்லருந்து வந்திருக்காங்க சார்" என்றார் அப்பா.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாப்பிள்ளை பாக்க நல்ல எடமா பாத்தீங்களே!" என்றார். ஆனாலும் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பெண்ணின் அப்பா அதில் உட்காரவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மாமா இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"உக்காருப்பா" என்றார். மாமா போலீஸ்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகு உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வேலூர்ல தறி குடுத்தாங்களா?"

"கேட்டேங்க. பூட்ஸ் தைக்கற எடத்துல போட்டுட்டாங்க."

"பட்டு நெய்யற கைக்கு தோலா! யாருக்கு பூட்ஸ்?"

"போலீசுக்குத்தாங்க" என்றார் மாமா. "இதோ, சார் போட்டுக்கினு இருக்கறாரே, இந்த மாதிரி."

நாங்கள் எல்லோரும் போலீஸ்காரரின் காலைப் பார்த்தோம். அவரும் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

"இன்னா பண்ணிட்டுப் போன?" என்று பெண்ணின் அப்பா கேட்டபோது, அப்பா என்னை வெளியே அனுப்பி நீர்மோர் குடித்துவிட்டு வரச் சொன்னார். பந்தலில் மோர் ஊற்றுகிறவரிடம், உள்ளே பந்தோபஸ்துக்காரர்களுக்கும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது மாமா பேச்சை முடிக்கும் தறுவாயில் இருந்தார். "கோவத்துல கட்டைய எடுத்துட்டேங்க. அவனுக்கு ஒரு கண்ணு போச்சி. நான் வெளிய வந்துட்டேன். அவன் கண்ணு வரலீங்களே" என்றார்.

பெண்ணின் அப்பா போலீஸ்காரரிடம், "இவர எப்ப சார் வுடுவீங்க?" என்று கேட்டார்.

"சாமி கோயிலுக்குத் திரும்பிட்டா வுட்டுடுவோம்."

"இன்னிக்கி இல்ல சார். மொத்தமா எப்ப வுடுவீங்க?"

"அதெல்லாம் பெரியவங்களத்தான் கேக்கணும்" என்றார் போலீஸ்காரர். அதற்குமேல் பெரியவர்களும் இருக்கிறார்களா என்று எனக்கு மாமாவின் வேலைமேல் மதிப்பு இன்னும் கூடியது.

பெண்ணின் அப்பா மாமாவின் தோளைத் தொட்டுவிட்டு அப்படியே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். நான் போட்டு உடைத்ததற்காக யாரும் என்னைத் திட்டவில்லை. "நான் சொல்ல நெனச்சத நீ சொல்லிட்ட" என்று மாமா என் தலையில் கைவைத்தார். கேசரி முழுக்க எனக்கே கிடைத்தது.

தரகர் பதில் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. வாசலிலேயே நின்றபடி சொன்னார். "மனுசன் நல்லவன்னு பொண்ணோட அப்பாவே சொல்லிட்டாரு. வேலூருக்குப் போனத பெருசா எடுத்துக்கல. ஆனா அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சாம், வருசா வருசம் போலீசு வந்து நிக்கற வாசல்ல நான் எப்படிக் கோலம் போடறதுன்னு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா சாமி அலமாரியிலிருந்து போட்டோவை எடுத்துவந்து, ஒரு ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டு, தரகரிடம் கொடுத்தார். அன்றைக்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "நாயமாத்தான் கேட்டிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார்.

கல்யாணம் நடக்காது என்ற அளவுக்கு எனக்கும் புரிந்துவிட்டது. புதுப்பாவாடை போச்சே என்று வருத்தமாக இருந்தது. மாமா முகத்தைப் பார்த்தபோது அதைவிட வருத்தமாக இருந்தது. அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"மாமா, அடுத்த வாட்டி நானும் உங்கூட பந்தோபஸ்துக்கு வரேன். எனக்கு விசில் ஊதத் தெரியும்."

மாமா சிரித்தார். "உன்னையெல்லாம் கூப்புட மாட்டாங்கமா."

"ஏன்?"

"நீ நல்ல பொண்ணாச்சே."

நல்ல பெண்ணாக இருந்தால் ஒரு நல்ல வேலைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா? என்ன அநியாயம் இது! "அப்ப நீ நல்லவன் இல்லயா மாமா?" என்றேன்.

மாமா நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஓட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அத அவங்கதாம்மா சொல்லணும்" என்றார்.

அப்படியென்றால் போலீசில் ஏதோ பரீட்சை வைத்து மார்க் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பரீட்சைதானே, எங்கள் மாமா எப்படியும் பாஸாகிவிடுவார். மனசு நிம்மதியாகி, நான் தெருவில் விளையாடப் போனேன்.