எந்தத் தண்ணி?

புறங்கையை அடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் லேபிள்காரர். தெரியாதவர்கள் பார்த்தால் அடுப்பை ஆசீர்வதிக்கிறார் என்றே நினைப்பார்கள். மின்சாரக் கண்ணாடி அடுப்பின் மூலையில் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அதனால் என்ன? "விளக்கு சொல்றத விளக்கு சொல்லட்டும். கை என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்பார். கூட வேலை செய்யும் பெண் ஈரத்துணியோடு பரபரத்தால், "அவசரம் உனக்கா, அடுப்புக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி.

குடியிருந்தவர்கள் காலி செய்த வீட்டை, அடுத்தவர் பெட்டி படுக்கையோடு வந்து சேர்வதற்குள் துடைத்துக் கொடுப்பது அவர் தொழில். இருந்தவர்கள் யார் என்பதை அடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரே ஒரு வட்டம் மட்டும் கருகியிருந்தால் தனி ஆள். நான்கும் கருகியிருந்தால் பெரிய குடும்பம். ஒன்றுமே கருகாமல் பளபளத்தால், "பாவம், கடைச் சாப்பாடு" என்று உச்சுக்கொட்டுவார். இந்த ஜோசியம் பாதி நேரம் தப்பாகத்தான் போகும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

முதலில் உலர்ந்த துணி. ஒரு கல்லுப்பு கிடந்தாலும் ஈரத்துணிக்கு அடியில் மாட்டிக் கண்ணாடியைக் கீறிவிடும். பிறகு சமையல் சோடாவை நீர்விட்டுக் குழைத்துக் கருகலின் மேல் பூசி, வெந்நீரில் பிழிந்த துணியால் போர்த்திவிட்டுக் கால் மணி நேரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊறியதும், பிடி போட்ட பிளேடைக் கண்ணாடியோடு ஏறக்குறைய படுக்கவைத்து, ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போவார். கருகல் ஏடு ஏடாகக் கழன்று வருவதைப் பார்க்கையில் அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைக் கல்யாண வீட்டில்கூடப் பார்க்க முடியாது. சோடாவைச் சுத்தமாக வழித்தெடுத்த பிறகுதான் வினிகர்.

"ரெண்டையும் சேர்த்து ஊத்துனா நுரை பொங்குதே அண்ணே, நல்லாத்தானே இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நுரைக்கும்மா. பாக்க ஜோராத்தான் இருக்கும். ரெண்டும் கட்டிப்புரண்டு சண்டை போட்டு, கடைசில ரெண்டுக்குமே சத்து போயிடும். உனக்கு மிஞ்சுறது உப்புத்தண்..." என்று நிறுத்தி, "உப்புக் கரைசல்" என்று முடித்தார்.

அந்தச் சொல்தான் அவருடைய பெரிய விநோதம். 'தண்ணி' என்று அவர் வெறுமனே சொல்லமாட்டார். மற்றவர்கள் சொன்னாலும் விடமாட்டார். "அண்ணே, அந்தத் தண்ணிய எடுங்க" என்றால் கையை நீட்டாமல், "எந்தத் தண்ணி?" என்பார். குழாய்த் தண்ணீரா, சோப்பா, வினிகரா, பிளீச்சா என்று முழுப் பெயர் வரும்வரை பாட்டில் நகராது. அவர் பையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் தடித்த எழுத்தில் ஒரு லேபிள். எதையும் ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மாட்டார். பிளீச்சும் வினிகரும் ஒரே பையில் போவதில்லை. வீட்டிலோ, குடிக்கிற தண்ணீர் ஜாடிக்குக்கூட லேபிள் உண்டு. "மாமா, எனக்கும் முதுகில ஒண்ணு ஒட்டிவிட்ருங்க, அக்கா மறந்துரப் போகுது" என்று மைத்துனர் கிண்டலடிப்பார். லேபிள்காரர் சிரிப்பார். ஆனால் லேபிளைக் கிழிக்க மாட்டார்.

சிரிப்புக்குப் பின்னால் இருப்பது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம். துணி தைத்துக்கொடுக்கும் அவர் மனைவி, கறை போகச் சமையலறைத் தொட்டியில் பிளீச் ஊற்றிவிட்டுக் குனிந்து நின்றாள். வெளியே குளிர், ஜன்னல் சாத்தியிருந்தது. "ஏங்க, அந்தத் தண்ணிய கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். அவள் சொன்னது வாளித் தண்ணீரை. இவரோ போனில் ஆட்டம் பார்த்தபடி, காலடியில் இருந்த ஜூஸ் பாட்டிலைச் சாய்த்தார். அதில் இருந்தது, அவரே வேலைக்கென்று நிரப்பிவைத்த வினிகர். பிளீச்சும் வினிகரும் கலந்து எழுந்த நச்சுப் புகை அவள் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். இன்றும் இரண்டு மாடி ஏறினால் அவளுக்கு இருமல் வருகிறது. எப்படி ஆச்சு என்று யார் கேட்டாலும், "நான்தான் ஊத்துனேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அன்றிலிருந்து வீட்டில் எதைத் துடைத்தாலும் அவளைப் பால்கனிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். எதையும் கையால் காற்றை விசிறி மோந்து பார்க்காமல் வாயில் வைப்பதில்லை. காபிக்கும் அதே மரியாதைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பொங்கிக் கண்ணாடி அடுப்பில் கருகிவிட்டது. லேபிள்காரர் ஜன்னல்களைத் திறந்துவைத்து, சோடாவை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல மனைவிக்குப் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் போகல" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்மா."

"மூணு வருஷமா இதே ரெண்டு நிமிஷம்! சோடாவும் வினிகரும் சமையல் சாமான்தானே, இதுக்குமா? புகை என்னைப் பண்ணினது போதாதுன்னு நீங்களும் கதவச் சாத்துறீங்க. என் வீட்ல நான் விருந்தாளி மாதிரி வெளிய நிக்கிறேன். அதுலதாங்க எனக்கு மூச்சு முட்டுது."

அவள் மூச்சைக் காப்பாற்றுகிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார்! புறங்கையை அடுப்புக்கு மேலே நீட்டினார். பக்கத்தில் அவளும் தன் கையை நீட்டி, "ஆறிருச்சு" என்றாள்.

அவர் பூசினார், அவள் துணியைப் பிழிந்து போர்த்தினாள். கால் மணி நேரம் இருவரும் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒருமுறை இருமியபோது அவர் பாதி எழுந்துவிட்டார். "உக்காருங்க, சும்மா செருமினேன்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு பிளேடு போனது, ஏடு கழன்றது, வினிகர் துடைத்து முடிந்தது. கண்ணாடியில் இரண்டு முகமும் தெரிந்தது.

வியர்த்து நின்றவருக்கு அவள் ஒரு டம்ளரை நீட்டினாள். அவர் கை தன்னையறியாமல் மேலெழுந்து, டம்ளரின் மேல் காற்றை விசிறப் போனது. அவள் அதைப் பார்த்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கி, ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணிங்க. வெறும் தண்ணி" என்று மறுபடி நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கி, மோந்து பார்க்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார்.