காவடிக்கு மூடுன கேட்டு

அடியே முருகாயி, ஒம் மருமக ரயில்வே கேட்டுல வேலைக்குச் சேந்துட்டாளாமே! வடக்குத் தெருவே பேசுது, எங்கிட்ட மட்டும் மறைக்கிற. தைப்பூசம் வருதுன்னு பயப்படுறாளா? நானும் நடுங்குனவதான்.

எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில தண்டவாளம் பாக்குற கேங்மேனா இருந்து தவறிப்போகவும், எனக்குக் கேட்கீப்பர் வேலை குடுத்தாங்க. பழனிக்கு வெள்ளைக்காரன் லைன் போட்டப்ப, நம்ம சனம் நடக்குற பாதைக்குக் குறுக்கதான போட்டான்? அதான் அந்தக் கேட்டு. ரயிலு வந்தும் நேந்துக்கிட்டவன் நடந்துதான் போறான்! போறப்ப ஊருக்கொரு கூட்டம், சாதிக்கொரு கூட்டம். திரும்புறப்ப கால்வலியில ரயில்ல ஒரே பெஞ்சுல சாஞ்சு தூங்குறான். அதுக்காகவே வெள்ளைக்காரனுக்கு ஒரு கும்புடு போடலாம்.

சரி, குழாயில தண்ணி வர்றதுக்குள்ள விசயத்துக்கு வாரேன். எனக்கு மொதத் தைப்பூசம். ஸ்டேஷன்ல இருந்து போன்: "வண்டி கெளம்பப்போகுது, வெரசா மூடும்மா." மூடிட்டேன். அந்நேரம் பாத்து மேளத்தோட காவடிக் கூட்டம் வந்து முட்டுது. சின்னப் புள்ளைக கேட்டுக்கு அடியில குனியுதுக.

கூட்டத்துக் குருசாமி கத்துறாரு: "ஏத்தா, முருகனுக்கே கேட்டை மூடுவியா? தெற!"

"முருகனுக்கு மயிலு இருக்கு, பறந்துருவாரு. ஒங்களுக்கு வெறுங்காலுதான சாமி இருக்கு?"

சொன்னதுக்கு அப்பறம்தான் அந்தக் காலைப் பாத்தேன். பூராம் கொப்புளம். காவடி வந்தா நம்ம வாசல்ல காலுக்குத் தண்ணி ஊத்துவோம்ல? இந்தக் கேட்டும் என் வாசல்தானன்னு தோணுச்சு. கேட்டு ரூம்புல இருந்த கொடத்தைத் தூக்கியாந்து குருசாமி காலுக்கு ஒரு செம்பு ஊத்துனேன். "வரிசையா வாங்க சாமி, எல்லாருக்கும் ஊத்துறேன்!"

அம்புட்டுத்தான். தள்ளுன கூட்டம் பின்னுக்கு வந்து வரிசை கட்டிருச்சு. குனிஞ்ச புள்ளைகளும் "எனக்கு, எனக்கு"ன்னு காலை நீட்டிக்கிட்டு ஓடியாந்துச்சுக. ஒரு கையில செம்பு, ஒரு கையில பச்சைக் கொடி. வண்டி தடதடன்னு போயிருச்சு.

அப்பறம் ரயில்வே இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தாரு. "தண்ணி ஊத்தச் சொல்லி ரூல்ஸ்ல இல்லையேம்மா?"

"மூடச் சொல்லி இருக்குல்ல சார்?"

சிரிச்சிட்டாரு. மறுவருசம் அவரே ஒரு டிரம் தண்ணி அனுப்பிவிட்டாருடி!

ஒம் மருமககிட்டச் சொல்லு: கூட்டத்தை மறிச்சா முட்டும், ஒபசரிச்சா நிக்கும். கேட்டை மூடுறதுக்கு முன்னாடியே கொடத்தை நெப்பி வச்சுக்கிறட்டும்.

அந்தா, குழாயில தண்ணி சீறுது. எந்திரிடி! அவ கேட்டுக்கும் சேத்து நாலு கொடம் புடிப்போம்.