பழத்துக்கு நேரம் சொன்ன மிஸ்

நிறை பார்க்கும் மெசினில் ஏறி நின்றேன். முள் ஆடி ஆடி எண்பத்தைந்தரையில் போய் நின்றது. கிளினிக்கின் தாதி, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர், முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கி இன்னொரு முறை ஏறச் சொன்னார். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தேன். கைப்பையையும் கதிரையில் வைத்துவிட்டு ஏறினேன். அதே எண்பத்தைந்தரை. நோன்புக்கு முன் எண்பத்து மூன்றாக இருந்தவள், ஒரு மாதம் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிட்டு, இரண்டரைக் கிலோ கூடி வந்து நிற்கிறேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

அந்த முள் எனக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு பழைய தையல் விட்டுப்போய், வயிற்றில் ஒரு புடைப்பு வரத் தொடங்கியது. குடலிறக்கம் என்றார்கள். கிண்ணியாவில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற நான், ஒரு கையால் கரும்பலகையில் எழுதி, மறு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. குடல் அதற்குள் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். சேர்ஜன் கண்டிப்பானவர். “எண்பதுக்கு இறங்கி வாங்க டீச்சர். இந்த நிறையில தைச்சா தையல் நிக்காது” என்று சொல்லி, பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமையில் ஒப்பரேசனுக்கு ஒரு திகதியும் தந்திருந்தார். அந்தத் திகதி தவறினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பிறகு அடுத்த வருடம்தான்.

நிறை குறைக்க வருகிறவர்களுக்காகத் துறைமுகப் பக்கம் புதன்கிழமைகளில் நடந்த கிளினிக்கை அந்த மிஸ்தான் கொண்டு நடத்தினார். கப்பல்துறை என்கிற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். யன்னலுக்கு வெளியே கப்பல் நிற்கும், உள்ளே நாற்பது பேர் வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். குண்டானவர்களைக் கண்டால் சிலருக்கு வாயில் ஒரு நக்கல் தானாகவே வரும், அதிலும் ஆஸ்பத்திரிகளில். இவரிடம் அது மருந்துக்கும் கிடையாது. யார் வீட்டில் யார் சமைக்கிறார், யாருக்கு இரவு வேலை, யாருக்கு முழங்கால் நோ என்பதெல்லாம் மனதில் வைத்திருந்து பெயர் சொல்லி விசாரிப்பார். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போனது. ஆகவே அவர் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிவைத்தேன். அவர் அடிக்கடி சொல்கிற ஒன்றை அடிக்கோடு போட்டும் வைத்தேன். “பொழுதுபட்டா பழம் வேண்டாம். பழத்தில இருக்கிற சீனி இரவில கொழுப்பாப் படிஞ்சிரும். பழமெண்டா காலமை, அதுவும் வெறும் வயித்தில.”

வாத்தியார் படிக்கப் போனால் இப்படித்தான். என் வகுப்பில் ஒரு பிள்ளையும் என் சொல்லை அப்படிக் கேட்டதில்லை.

நோன்பு வந்தது. பகலில் ஒன்றும் இல்லை, சாப்பாடு எல்லாம் பொழுதுபட்ட பிறகுதான். அப்படியென்றால் ஒரு மாதத்துக்குப் பழமே இல்லை என்று நானே முடிவு கட்டினேன். சஹர் நேரத்தில் சாப்பிட்டிருக்கலாமே என்றால், அதுவும் விடியாத இருட்டுத்தானே என்று எனக்கு ஒரு சந்தேகம். மிஸ்ஸிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நோன்பு மாதத்தில் பாலம் தாண்டிப் பஸ் ஏறி வரச் சோம்பல், கிளினிக்குக்குப் போகவில்லை. பாங்கு சொன்னதும் வீட்டில் எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுக்க, நான் தண்ணீரால் நோன்பு திறந்தேன். அதிலும் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். மாமிக்குப் பொறுக்கவில்லை. “என்ன புள்ள, பேரீச்சம்பழத்தையுமா உட்டுட்டாய்? எந்த டொக்டர்ர சட்டம் இது?” என்று தினமும் ஒரு பாட்டு. நடுவில் தட்டு நிறைய வத்தகைப்பழமும் பப்பாசியும் இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். பசியைப் பழத்தால் ஆற்றாதவள் எதால் ஆற்றுவாள்? நாலு சமோசா, மூன்று ரோல்ஸ், கஞ்சி இரண்டு கோப்பை, அதற்கு மேல் ஒரு கிளாஸ் இனிப்புப் பாலூதா. மிஸ் பாலூதாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு சமாதானமும் எனக்கு இருந்தது.

இந்தக் கதையைத்தான் அன்று மெசினிலிருந்து இறங்கியதும் அவர் என்னிடமிருந்து வாங்கினார். வேறு யாராவது என்றால் பழியைப் பெருநாளில் தின்ற இனிப்பு வட்டிலப்பத்தின் தலையில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை என்ன சாப்பிட்டேன் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து, “பழம் ஒண்டுமே இல்லையே டீச்சர்?” என்றார்.

“நீங்கதானே மிஸ் பொழுதுபட்டா வேண்டாம் எண்டு சொன்னீங்க” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பேனையை மேசையில் வைத்தார். விளங்காமல் நடந்துவிட்டீர்கள் டீச்சர், நோன்புக்கு அது பொருந்தாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். “எனக்கு ஒரு கிழமை தாங்கோ. கேட்டுட்டுச் சொல்லுறன்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை நிறை பார்க்கத் தொடங்கும் முன் அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். “இரவில பழம் சாப்பிடக் கூடாது எண்டு இவ்வளவு காலமும் நான் சொன்னது பிழை. நான் காதில விழுந்ததைச் சொன்னனான், தேடிப் பார்க்கேல்ல. இப்ப போசாக்கு டொக்டரிட்டக் கேட்டன், வாசிச்சும் பார்த்தன். உடம்பு மணிக்கூடு பார்த்துப் பழத்தைக் கொழுப்பாக்கிறேல்ல. முழு நாளும் எவ்வளவு உள்ள போகுது எண்டதுதான் முக்கியம். காலமையோ இரவோ, பொரியலுக்குப் பதிலாப் பழம் சாப்பிட்டா நல்லதுதான்” என்றார். சம்பூரிலிருந்து வருகிற ஒரு ஐயா எழும்பினார். “அப்ப பிள்ளை, நான் நாலு வருசமா இரவில வாழைப்பழம் தின்னாமப் படுத்ததுக்கு என்ன கணக்கு?” எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. “அதுக்கு என்னட்டப் பதில் இல்லை ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. பிழை விட்டதை ஒத்துக்கொள்கிற பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை, பள்ளிக்கூடத்தில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதோடு அவர் விடவில்லை. என் திகதிக்கு ஐந்து நாள் இருந்தது, நிறையோ எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சேர்ஜனின் அறைக்குப் போனார். என் கிளினிக் கார்டில், “நோயாளி ஆலோசனையின்படியே நடந்தவர், ஆலோசனை தவறு, தவறு என்னுடையது” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். சேர்ஜன் அதை வாசித்துவிட்டு, “இப்பிடி எழுதினா உங்களுக்குத்தான் கரைச்சல், தெரியுமா?” என்று கேட்டார். “தெரியும் சேர். அவவின்ர இடத்தை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ” என்றார் மிஸ். சேர்ஜன் கார்டை மூடி, இரண்டு மாதம் தந்தார்.

அந்த இரண்டு மாதமும் நான் பசி வந்தபோதெல்லாம், இரவா பகலா என்று பாராமல், பப்பாசியும் கொய்யாவும் தின்றேன். பழம் மட்டும் செய்த வேலை என்று சொல்லமாட்டேன். பொரியலையும் பாலூதாவையும் நிறுத்தினேன், பின்னேரங்களில் பாலம் வரை நடந்து திரும்பினேன். எண்பதும் கொஞ்சமும் என்று முள் காட்டிய நாளில் சேர்ஜன் போதும் என்றார். தைத்தார். அந்தத் தையல் இன்றுவரை நிற்கிறது. இப்போது இரண்டு கையும் எனக்குச் சொந்தம். மிஸ் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தக் கையெழுத்தால் அவருக்குக் கரைச்சல் வந்ததா என்று போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒப்பரேசன் முடிந்து, சாப்பிடலாம் என்று சொன்ன அன்று, வேலை முடிந்து பொழுதுபட்ட பிறகு மிஸ் வார்டுக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோல் சீவத் தொடங்கினார். எனக்காக ஏன் இவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“எங்கட அம்மா கொஞ்சம் உடம்பான ஆள், டீச்சர். கடைசி வருசம் இராச்சாப்பாடு முடிய ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு மாம்பழம் கேட்பா. கூடாது அம்மா, விடியத் தாறன் எண்டு சொல்லுவன். அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னனான். விடியப் போய் எழுப்பினன், அவ எழும்பேல்ல.”

சீவிய துண்டை என்னிடம் நீட்டினார். எனக்குப் பசியே இல்லை. வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே முழுவதையும் தின்றேன்.