விளக்கு எரியாத ஆறாவது வாரம்

ராமேஸ்வரத்தில் ஒரு மருத்துவமனையின் ஈசிஜி மெஷினைப் பழுது பார்க்கப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தபோது போன் வந்தது. "முத்திருளாண்டி சின்னய்யா போயிட்டாரு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாம்" என்றான் ஊரிலிருந்து பேசிய பங்காளி. நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான். "லைட்டு வைத்தியத்த நீ நிறுத்த வச்சதாலதான்னு இங்கன பேசிக்கிறாங்க. காதுல போட்டு வைக்கிறேன்." இழவுச் செய்தியும் குற்றச்சாட்டும் ஒரே போனில் வந்துவிட்டன.

அவர் என் அப்பாவின் தம்பி. கமுதிப் பக்கம் மிளகாய் போட்டவர். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், எதையும் லேசில் நம்பமாட்டார். கடையில் எந்தப் புது மருந்து கொடுத்தாலும் மிளகாய்க் கொல்லை முழுக்க அடிக்கமாட்டார். இரண்டு வரிசையைச் சும்மா விட்டுவைப்பார். "அடிச்ச செடி நல்லாருக்குன்னா போதுமாக்கும்? அடிக்காததும் அதே மாரி இருந்துச்சுன்னா?" என்று கேட்பார். கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு ஈறில் ரத்தம் வந்தது, காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ரத்தம் உறையத் தேவையான பிளேட்லெட்டுகளை அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது என்றார் மதுரை டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரையில் எண்ணிக்கை ஏறியது. கூடவே சர்க்கரையும் ஏறி முகம் வீங்கியது. அவருடைய மகள் செல்வியின் கணவர், எனக்கு மச்சான், அப்போதுதான் வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் ஒளி சிகிச்சைக் கடை போட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உடம்பில் படவிட்டால் பிளேட்லெட் ஏறும், மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்றார். மாமனார் வீட்டுக்கே ஒரு பேனலைக் கொண்டுவந்து வைத்தார்.

என்னைக் கூப்பிட்டு, "ஏலே, இது எரியுதா எரியலையா?" என்று கேட்டார் சின்னய்யா. என் போன் கேமராவை நீட்டினேன். வெறும் கண்ணுக்கு இருட்டாக இருந்த பல்புகள் திரையில் ஊதாவாகத் தெரிந்தன. எரிவது உண்மை. எலிகளில் பலன் தெரிந்ததாக ஆய்வுகள் இருப்பதும் உண்மை, மனிதர்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை, மாத்திரையை விட்டால் ஆபத்து என்றேன். "மொத்தத்துல ஏமாத்து" என்று நானே முடித்தும் வைத்தேன்.

அவர் என்னைத்தான் முறைத்தார். "அவன் ஏறும்ங்கிறான், நீ ஏறாதுங்கிற. ரெண்டு பேரும் பாத்துட்டா பேசுறீங்க?"

அப்படித்தான் அந்தப் பத்து வாரம் தொடங்கியது. மாத்திரை அப்படியே தொடரும். பேனல் ஐந்து வாரம் எரிய வேண்டும், ஐந்து வாரம் எரியக் கூடாது. எது எந்த வாரம் என்று அவருக்கே தெரியக் கூடாது. டாக்டரிடம் சொன்னோம். மாத்திரையில் கை வைக்காதவரை சரி என்றார். எந்த வாரம் அணைப்பது என்று நானே திட்டம் போட்டுக் கொண்டுபோனேன். சின்னய்யா அந்தத் தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"நீ முடிவு பண்ணாத. நீயும் ஒரு கட்சி. சீட்டுக் குலுக்கிப் போடு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சொம்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். சீட்டு சொன்னபடி பேனலுக்குப் பின்னால் பல்புகளுக்குப் போகும் வயரை மாட்டினேன் அல்லது கழற்றினேன். கழற்றிய வாரத்தில் சூடு குறைந்து அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று உள்ளே கரண்டில் சூடாகும் ஒரு ரெசிஸ்டரும் வைத்தேன். வாரா வாரம் பரமக்குடியில் ஒரே லேபில் ரத்தம் கொடுத்தார். மச்சானும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அவர் பொய்யர் இல்லை, நிஜமாகவே நம்பினார்.

ஆறாவது வாரம் எண்ணிக்கை நன்றாக ஏறியது. அன்றே மச்சான் மாமனார் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு, 'ஒளி செய்த வேலை' என்று எழுதினார். அந்த வாரம் வயர் கழன்று கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அடக்க முடியாமல் சின்னய்யாவுக்குப் போன் போட்டு, "ஒரு வேடிக்க தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"உன் குரலே சரியில்ல. ஒண்ணும் சொல்லாத. பத்து வாரம்னா பத்து வாரம்" என்று வைத்துவிட்டார்.

பத்து வாரமும் முடிந்து, எந்த வாரம் எரிந்தது என்று நான் எழுதி மடித்து வைத்திருந்த தாளை எல்லார் முன்னாலும் பிரித்தோம். எரிந்த வாரங்களுக்கும் எரியாத வாரங்களுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லாவற்றிலும் அதிகம் ஆறாவது வாரம்தான். மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன், இது வேலை செய்யாதுன்னு" என்றேன். சின்னய்யா என் பக்கம் திரும்பினார். "எனக்கு இந்தப் பத்து வாரத்துல உதவலைன்னு இருக்கு. அம்புட்டுத்தான். மிச்சத்த நீயாச் சேக்காத."

பிறகு வாசலுக்குப் போனார். "மாப்பிள, என் படத்த எடுத்துருங்க. கடலாடியிலருந்து ஒரு பொம்பள போன் போட்டுக் கேக்குறா, மகனுக்கு மாத்திரைய நிறுத்திரவான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

படம் போனது. பேனலும் போனது. கூடவே மகள் செல்வியின் வரத்தும் நின்றது. பொங்கலுக்கும் வரவில்லை. "நல்ல வேலை பாத்த போ" என்றாள் சித்தி என்னிடம். சின்னய்யா மாத்திரையைத் தொடர்ந்தார். போன மாதம் தலைக்குள் ரத்தம் கசிந்தது. பிளேட்லெட்டும் காரணமாக இருக்கலாம், பிரஷரும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உறுதியாகச் சொல்ல அங்கே யாருமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது செல்வி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"உண்மையச் சொல்லு. அந்த லைட்ட நிறுத்தாம இருந்தா அய்யா இருந்திருப்பாரா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஊர் வாயும் அடைபட்டிருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"அது காப்பாத்தியிருக்கும்னு நான் நெனக்கலக்கா. ஆனா அடிச்சுச் சொல்ல மாட்டேன். பத்து வாரம், ஒரே ஆளு. அத வச்சு அம்புட்டுத் தூரம் சொல்ல முடியாது."

"இல்லவே இல்லைன்னு சொல்லியிருந்தா நீ உன்னையக் காப்பாத்திக்கிறன்னு நெனச்சிருப்பேன்" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அருகில் நின்றேன்.

எனக்குப் பிடித்த பதில் கைக்கு வரும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும் என்பதை அவர் விட்டுப்போன சொத்தாக வைத்துக்கொண்டிருக்கிறேன். சௌகரியமான சொத்து இல்லை. இதை எழுதும்போதுகூட, என் மேல் தப்பில்லை என்று தோன்றுகிற மாதிரி எழுதிவிட்டேனோ என்று ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.