அவர் தேர்ந்தெடுத்த ஸ்டிக்

எங்களுக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷம் என் கணவர் தனக்கென்று ஒரு பில்லியர்ட்ஸ் ஸ்டிக் வாங்கினார். எழுபதுகளின் நடுவில் அது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். புதிதாக வந்த தொழிற்பேட்டையில் அவருக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. மதராஸில் ஏதோ ஒரு கிளப் கழித்துப்போட்ட பில்லியர்ட்ஸ் மேசையை அவர்கள் கம்பெனி மேனேஜர் வாங்கிவந்து, கேன்டீனுக்குப் பின்னாலிருந்த பழைய கிடங்கில் போட்டிருந்தார். கூட ஆட ஆள் வேண்டுமென்று அவரே சிலருக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படித்தான் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. காலை ஷிப்ட் முடிந்தால் நேரே அங்கே போய்விடுவார். சோறு ஆறிப்போய்க் கிடக்கும்.

சுவரில் மாட்டியிருந்த ஸ்டிக்குகள் எல்லாம் வளைந்து, நுனித் தோல் பிய்ந்து கிடக்கின்றன என்று தினமும் புலம்புவார். கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கலாமென்று மதராஸுக்குக் கிளம்பினார். எனக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டுமென்று கூடப் போனேன்.

விளையாட்டுச் சாமான் கடை அது. ஒரு முக்காலி கொடுத்து என்னை உட்காரச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு ஸ்டிக்காக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் உருட்டினார். கொஞ்சம் தத்தினாலும் ஒதுக்கிவிட்டார். தத்தாததை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனி வரைக்கும் பார்த்தார். விரல்மேல் கிடத்தி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். மரத்தின் ரேகையைத் தடவினார். கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அவர் உருட்டிக்கொண்டுதான் இருந்தார்.

திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்தது எனக்கு நினைவு வந்தது. காபி ஆறுவதற்குள் சரியென்று சொல்லிவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். அப்போது அது பெருமையாக இருந்தது, பையன் ரொம்ப அடக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறுத்தியது. ஒரு மரக்குச்சியை இப்படிப் பார்க்கத் தெரிந்த மனுஷனா இவர்?

ஒருவழியாக ஒன்றை வாங்கினார். திரும்பும்போது ரயிலில் அந்த ஸ்டிக்குக்கு ஜன்னலோரம் இடம். வீட்டுக்கு வந்ததும் சுற்றிவைக்க மெத்தென்று ஒரு துணி கேட்டார். நான் எதையும் எடுத்துக் கொடுப்பதற்குள் என் மெல்லிய பருத்திச் சேலை ஒன்றை அவரே எடுத்துக் கிழித்தார். ஆடப் போகாத நேரத்தில், நிறுத்திவைத்தால் வளைந்துவிடும் என்று உத்தரத்தில் இரண்டு கயிறு கட்டிப் படுக்கவைத்தார். ஒருநாள் ஒட்டடை அடிக்கையில் நான் அதை இறக்கிவைத்தேன். "நீ தொடாதே. கை வேர்வ பட்டா வீணாப்பூடும்" என்றார். அவர் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பக்கத்து வீட்டில் அவர் கம்பெனி டைம்கீப்பர் குடும்பம். அவர் மனைவி ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள், ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கிற டைப்பிஸ்ட் பெண்ணும் அந்தக் கிடங்குக்குப் போய் ஆடுகிறாளாம். பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள், அப்பாவோடு அங்கே ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் ஆடிப் பழகியவளாம். பிறகு, "உங்க ஊட்டுக்காரு ஸ்டிக்குலதாங்க்கா ஆடுதாம் அந்தப் பொண்ணு" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. மற்றப் பெண்கள் பேச்சு வந்தால் ஆத்திரப்படுகிறவள் இல்லை நான். ஆனால் நான் தொடக்கூடாத அதை அவள் தொடுகிறாள். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நானே கம்பெனிக்கு நடந்தேன். சாப்பாடு கொடுக்கப் போவதாக கேட்டில் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

கிடங்கு வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பச்சைத் துணி விரித்த பெரிய மேசை. நாலைந்து ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். டைப்பிஸ்ட் பெண் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மேசைமேல் குனிந்து அவருடைய ஸ்டிக்கால் ஒவ்வொரு பந்தாக மேசையோரப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பார்க்கவேயில்லை. கறுப்பாக, என்னைவிடச் சின்னவளாக, சாதாரணமாக இருந்தாள்.

நான் அவளைவிட அதிகமாக என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கும் என்று பயந்து வந்தேனோ அது இல்லை. தாடை இறுகிப்போயிருந்தது. தன் கையில் அடங்காதது இன்னொருத்தி கையில் சொன்னபடி கேட்பதைப் பார்க்கிற முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவள் என்னைக் கண்டாள். யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க ஒருவாட்டி அடிச்சிப் பாருங்க" என்று ஸ்டிக்கை நீட்டினாள்.

"அவளுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்" என்றார் அவர்.

அதைச் சொல்லாமலிருந்தால் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். ஸ்டிக்கை வாங்கிக்கொண்டேன். நான் அடித்த வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் குதித்து ஜன்னலுக்குக் கீழே ஓடியது. சுவரோரம் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் இடது கையைப் பிடித்து மேசைமேல் பரப்பி, கட்டைவிரலைத் தூக்கி ஸ்டிக் ஓட வழி செய்துகொடுத்தாள். "வெள்ளப் பந்தயே பாக்காதீங்கக்கா. எங்க போணுமோ அங்க பாருங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் போனேன். சுவரிலிருந்த ஸ்டிக்குகளை எல்லாம் அவளும் நானுமாகத் துணிமேல் உருட்டிப் பார்த்து, எனக்கு ஒன்றைப் பொறுக்கினோம். குட்டையானது, அடியில் சிகரெட் சுட்ட தழும்பு. என் உயரத்துக்கு அதுதான் பொருந்தியது. அவள் ஓய்வாக இருக்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மா இல்லாத பெண். மேசையைச் சுற்றிவந்துகொண்டே பேசுவாள். அவள் குனிந்தால் எனக்கும் மூச்சு நிற்கும். என் கணவர் மேனேஜரோடு ஆடினார், எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை. வீட்டில் சோறு ஆறிப்போவதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் எப்போது வருமென்றிருந்தது.

சில மாதம் கழித்து ஆபீஸுக்கு இன்னொரு பெண் வந்தாள், பொன்னேரிக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அந்தப் புதுப்பெண்ணின் இடது கையை மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள் டைப்பிஸ்ட். கட்டைவிரலைத் தூக்கிவிட்டாள். அதே வார்த்தைகளைச் சொன்னாள். என்னைப் பார்த்து, "வாங்கக்கா, ஒரு நிமிஷம்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் என்னால் நிற்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வெயிலில் விறுவிறுவென்று நடந்தேன். என் கணவரைப் பற்றி அந்தப் பேச்சைக் கேட்டபோதுகூட நான் இப்படி வேகவில்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்து, ரயில்வே கேட் கிட்டே என்னைப் பிடித்துவிட்டார். "இன்னா ஆச்சு ஒனக்கு?"

மூடியிருந்த கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு உள்ளதைச் சொன்னேன். அவள் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை என்றேன். சிரிப்பாரென்று நினைத்தேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ அவகூட ஆடறப்போ எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி" என்றார்.

"யார் மேல?" என்று கேட்டேன்.

கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது. "தெர்ல" என்றார்.

கேட்டைத் திறந்தார்கள். அவர் சைக்கிளில் ஏறாமல் வீடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.

அடுத்த வாரம் நான் மறுபடி போனேன். புதுப்பெண்ணோடும் ஆடினேன். அவள் நன்றாகவே ஆடினாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் டைப்பிஸ்ட் கல்யாணமாகி அரக்கோணம் போய்விட்டாள். நாங்கள் இருவரும் போய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அங்கே ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறாளாம் என்று பிறகு டைம்கீப்பர் மனைவி வந்து சொன்னாள். நல்ல விஷயம்தானே என்றேன். வந்தவள் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்கள் எப்படியிருப்பார்கள், அவர்களில் யார் கையை டைப்பிஸ்ட் முதலில் பிடித்தாள் என்று யோசித்துக்கொண்டே.